ஆகஸ்டில் சொன்ன ஸ்லீப்பர்கள், ஜனவரியில் ஒரு கணக்கு

ஜனவரி 8, 2024 (வாசகர் கேள்வி)

அமெரிக்க ஃபுட்பால் லீக் என்எஃப்எல்லில் சீசனோட கடைசி வாரம், வீக் 18, முடிஞ்சுது. நிஜ வீரர்களை டிராஃப்ட்ல மாத்தி மாத்தி எடுத்து, அவங்க ஆட்டத்தை வெச்சுப் புள்ளி சேர்க்கிறதுதானே ஃபேன்டஸி ஃபுட்பால்; அதுக்கு ஆகஸ்ட் முழுக்க ஆளாளுக்கு ஸ்லீப்பர் (கடைசியில மலிவா எடுத்தாலும் தேறப்போற ஆள்) லிஸ்ட் போட்டீங்களே, அதுல எத்தனை தேறுச்சு? புக்கா நகுவா பேரை எவனாவது எழுதினானா? கைரன் வில்லியம்ஸ்? என்னைக் கேட்டா டிராஃப்ட்ல கடைசி நாலு ரவுண்டைக் கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டு, மிச்சத்தை செப்டம்பர்ல வேவர்ல (யாரும் எடுக்காம மிச்சமான ஆட்கள் பட்டியல்ல) பார்த்துக்கலாம். லிஸ்ட் எல்லாம் டைம் பாஸ்.

ஜனவரி 9, 2024

டைம் பாஸ் என்பதில் தகராறு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்பதில்தான் தகராறு.

நகுவா லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸின் ரிசீவர் (வீசும் பந்தைப் பிடிப்பவர்). கல்லூரி ஆட்களை என்எஃப்எல் அணிகள் எடுக்கும் 2023 டிராஃப்டில் ஐந்தாவது சுற்றில் போனவர். மொத்தத்தில் 177ஆவது ஆள். ஆகஸ்டில் அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது என்றே பாதிப் பேருக்குத் தெரியாது. சரி. ஆனால் அதே ராம்ஸ் அணியின் முதல் ரிசீவர் கூப்பர் கப்புக்கு ஆகஸ்ட் தொடக்கத்திலேயே ஹாம்ஸ்ட்ரிங் பிடித்துக்கொண்டதும், மாதக் கடைசியில் அது மறுபடி படுத்தியதும் எல்லாரும் படித்த செய்திதான். முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள், செப்டம்பர் 9, அவரை ஐஆர் (காயம்பட்டோர்) பட்டியலில் போட்டார்கள். அப்படிப் போட்டால் குறைந்தது நாலு ஆட்டம் கிடையாது. கப் 2021இல் 145 கேட்ச் பிடித்த ஆள். ராம்ஸின் குவாட்டர்பேக் (பந்து வீசுபவர்) மேத்யூ ஸ்டாஃபர்ட் அந்தப் பந்துகளை யாருக்காவது வீசித்தானே ஆகவேண்டும்? எந்தப் பட்டியலும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. 'யாருக்குத் திறமை இருக்கு, யார் கேம்ப்பில் பளபளக்கிறார்' என்றே போய்க்கொண்டிருந்தார்கள்.

சியாட்டிலில் முதல் ஆட்டம்: 10 கேட்ச், 119 யார்டு. அடுத்த வாரம் ஃபார்ட்டி நைனர்ஸுக்கு எதிராக அவர் பக்கம் 20 பந்து வந்தது, 15 பிடித்தார், 147 யார்டு. எங்கள் ஃபேன்டஸி லீக் பிபிஆர் கணக்கு. கேட்சுக்கு ஒரு புள்ளி, பத்து யார்டுக்கு ஒரு புள்ளி, டச்டவுனுக்கு (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோவது) ஆறு. அதாவது டச்டவுனே இல்லாமல் 21.9, 29.7. சீசன் முடிவில் 105 கேட்ச், 1,486 யார்டு. அப்போதைக்கு இரண்டும் ரூக்கி (முதல் வருஷ ஆட்டக்காரர்) சாதனை. யார்டு சாதனை 1960இலிருந்து பில் க்ரோமன் பெயரில் அசையாமல் கிடந்தது.

பஸ்ஸில் சீட் பிடிக்கத் தெரிந்தவன் காலி சீட்டைத் தேடமாட்டான். அடுத்த ஸ்டாப்பில் இறங்கப்போகிறவர் பக்கத்தில் போய் நிற்பான். கடைசி நாலு ரவுண்டில் செய்யவேண்டியதும் அவ்வளவுதான்.

ஜனவரி 9, 2024, இரவு

மேலே எழுதியதை நானே கொஞ்சம் கலைக்கிறேன். கப் இடம் காலி என்று தெரிந்தாலும் அது யாருக்குப் போகும் என்று ஆகஸ்டில் கேட்டிருந்தால் பெரும்பாலும் வான் ஜெஃபர்சன் என்றுதான் பதில் வந்திருக்கும். சீனியர், ஆட்டம் தெரிந்தவர். அந்த முதல் ஆட்டத்தில் டூட்டூ அட்வெல்லும் சரியாக 119 யார்டு எடுத்தார், மறந்துவிடாதீர்கள். அன்றைக்கு ராத்திரி வேவரில் இரண்டு 119 நின்றது. ஜெஃபர்சனை அக்டோபரில் அட்லாண்டாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆக, சீட் காலியாகும் என்பது ஒரு கணிப்பு, அதில் யார் உட்காருவார் என்பது இன்னொன்று. முதலாவது ஆகஸ்டில் முடியும். இரண்டாவதற்குப் பல சமயம் செப்டம்பர் வரை பொறுக்கவேண்டும்.

ஜனவரி 10, 2024

கைரன் வில்லியம்ஸ் கதை வேறு. அதை எங்கள் டிராஃப்டோடு சேர்த்துத்தான் சொல்லமுடியும்.

பன்னிரண்டு அணி, ஃப்ரிஸ்கோவில் லீக்கை நடத்தும் கமிஷனர் வீட்டு கராஜ், செப்டம்பர் 2, சனிக்கிழமை சாயங்காலம். டல்லாஸ் வெயிலுக்குப் பெடஸ்டல் ஃபேன் ஒன்று. அது திரும்பும்போதெல்லாம் சுவரில், யார் யாரை எடுத்தார் என்று ஸ்டிக்கர் ஒட்டும் பெரிய சார்ட் படபடவென்று அடிக்கும், ஸ்டிக்கர் கழன்று விழும். ஐந்தாவது ரவுண்டு நடக்கும்போது நாலாவது ரவுண்டு ஸ்டிக்கரைத் தரையில் தேடிக்கொண்டிருந்தோம். ராம்ஸ் ரன்னிங் பேக் (பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்) என்றால் அன்றைக்கு கேம் ஏக்கர்ஸ்தான். அதற்கு நியாயமும் இருந்தது. 2022 சீசனின் கடைசி மூன்று ஆட்டத்திலும் நூறு யார்டைத் தாண்டியவர். 'முடிவில் சூடு பிடித்தவன் ஆரம்பத்திலும் ஓடுவான்' என்று ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான். கைரன் அதே ஐந்தாவது சுற்று ரகம், 2022இல் 164ஆவது ஆள். நாற்பது யார்டு ஓட 4.65 விநாடி. ரன்னிங் பேக்குக்கு அது மெதுவு. ரூக்கி வருஷத்தின் முதல் ஆட்டத்திலேயே கணுக்காலில் அடிபட்டவர். எங்கள் சார்ட்டில் அவர் பெயரே ஏறவில்லை.

முதல் ஆட்டம்: ஏக்கர்ஸ் 22 முறை ஓடி 29 யார்டு. கைரன் 15 முறை, 52 யார்டு, இரண்டு டச்டவுன். இரண்டாவது ஆட்டத்தில் ஏக்கர்ஸுக்குச் சட்டையே மாட்டவில்லை. அந்த வாரமே மின்னசோட்டாவுக்கு வண்டி ஏற்றிவிட்டார்கள். கைரன் பன்னிரண்டே ஆட்டத்தில் 1,144 யார்டு, ஓடி மட்டும் 12 டச்டவுன்.

இதில் காயம் இல்லை, கான்ட்ராக்ட் சண்டை இல்லை. ராம்ஸ் கோச் ஷான் மக்வேக்கு ஒருவரைப் பிடிக்காமல் போனது, அவ்வளவே. 2022 நடுவிலேயே ஏக்கர்ஸை வீட்டுக்கு அனுப்பி, பிறகு திரும்பச் சேர்த்துக்கொண்டவர்தானே அவர். அந்தச் செய்தி தெரிந்தவனுக்கு ஏக்கர்ஸ் சீட் ஆடுகிற சீட் என்று தெரிந்திருக்கும்.

ஒரு துணைக்கதை. எங்கள் லீக்கில் லாஸ் ஏஞ்சலஸில் வேலை பார்த்துவிட்டு வந்த மதுரைக்காரர் ஒருவர் உண்டு, ராம்ஸ் வெறியர். கடைசி ரவுண்டில் நகுவாவை எடுத்தது அவர்தான். 'யாருண்ணே இது?' என்று கேட்டதற்கு 'பேரு நல்லாருக்குடா' என்றார். பிறகு அடுத்த சனிக்கிழமை, அணியில் கிக்கர் (பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பவர்) இல்லை என்று ஞாபகம் வந்து, நகுவாவை விட்டுவிட்டு ஒரு கிக்கரைச் சேர்த்தார். கப்பை ஐஆரில் போட்ட அதே செப்டம்பர் 9.

ஜனவரி 10, 2024

பேர் நல்லா இருக்கு என்று எடுப்பதும் ஒரு முறைதான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியென்றால் மதுரைக்காரர் அணி முழுக்க டெட்ராய்ட்டின் நட்சத்திர ரிசீவர் அமோன்-ரா செயின்ட் பிரவுன் மாதிரி ஆட்களாக இருந்திருக்கவேண்டும், கோப்பையும் கைக்கு வந்திருக்கும். கடைசி இடத்துக்காரர் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஜனவரி 12, 2024

சரி, சீட் காலி என்கிற என் சூத்திரத்துக்கு எதிர்ச்சாட்சியை நானே கூப்பிடுகிறேன்: மின்னசோட்டாவின் ரன்னிங் பேக் அலெக்ஸாண்டர் மேட்டிசன்.

மின்னசோட்டா 2023 ஜூனில் தன் முதல் ரன்னிங் பேக் டால்வின் குக்கை விட்டுவிட்டது. மேட்டிசனுக்கு மார்ச்சிலேயே புது ஒப்பந்தம். இத்தனை வருஷம் குக் பின்னால் நின்றவர், குக் இல்லாத ஆட்டங்களில் நன்றாகவே ஓடியவர். இதைவிடக் காலியான சீட் ஏது? எல்லாப் பட்டியலிலும் இருந்தார். 180 முறை ஓடி 700 யார்டு. ஓடி எடுத்த டச்டவுன் சைபர். கேட்ச் பிடித்து ஏதோ மூன்று.

கரோலினாவில் மைல்ஸ் சாண்டர்ஸும் இதே கதை. பிலடெல்பியாவிலிருந்து பெரிய ஒப்பந்தத்தில் போனார், இடம் அவருக்கென்றே ஒதுக்கியது. 432 யார்டு, ஒரு டச்டவுன். சீட்டில் சப்பா ஹப்பர்ட் உட்கார்ந்து 902 யார்டு ஓடினார்.

இரண்டு நாள் யோசித்ததில் ஒரு வித்தியாசம் தெரிகிறது. மேட்டிசன் சீட் காலி என்று ஜூனிலேயே ஊருக்கே தெரியும். அதனால் விலை ஏறிவிட்டது. எங்கள் டிராஃப்டில் ஆறாவது ரவுண்டிலேயே போனார். அந்த விலையில் எடுத்தவன் எட்டு வாரம் அவரைக் கட்டிக்கொண்டு அழுவான், கீழே போடவும் மனசு வராது. கடைசி ரவுண்டில் எடுத்தவனுக்கு அந்தப் பாசம் கிடையாது. இரண்டு வாரம் பார்ப்பான், தேறவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்தவனை எடுப்பான். ஆகஸ்ட் பட்டியல்களில் எனக்கு உள்ள குறை இதுதான். யார் தேறுவார் என்று சொல்கிறார்கள், தேறவில்லை என்பது எந்த வாரம் தெரியும் என்று சொல்வதில்லை. நாலு மாதம் காத்திருந்து 'அடுத்த வருஷம் பார்' என்று சொல்லவைக்கும் ஸ்லீப்பரால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அது பெஞ்சில் ஒரு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

ரஷாட் வைட் இதற்கு நேரெதிர். டாம்பா பே லெனார்ட் ஃபோர்னெட்டை விட்டதும் இடம் காலி. ஆனால் முந்தின வருஷம் முறைக்கு 3.7 யார்டுதான் ஓடினார் என்று சொல்லி எல்லாரும் மூக்கைச் சுளித்தார்கள். அவர் ஒன்றும் மாறவில்லை. இந்த வருஷமும் 272 முறை ஓடி 990, அதே மெதுவான ஓட்டம்தான். ஆனால் 64 கேட்ச், 549 யார்டு. பிபிஆரில் அது தங்கம். அழகாக ஓடவேண்டும் என்று யார் கேட்டார்கள்?

ஜனவரி 15, 2024

டல்லாஸின் நேற்றைய பிளேஆஃப் ஆட்டத்தைப் பற்றி எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். சொந்த ஊரில், சொந்த மைதானத்தில், கிரீன் பேயிடம் 48-32 தோல்வி. ஸ்கோரைப் பார்த்தால் ஏதோ போராடினது மாதிரி தெரியும், அது கடைசி கால் மணி நேரத்துக் கண்துடைப்பு. ஜேக் ஃபெர்கஸன் 10 கேட்ச், மூன்று டச்டவுன். நான் ஆகஸ்டில் சொன்ன ஒரே டைட் எண்ட் ஸ்லீப்பர் அவர்தான் (டால்டன் ஷூல்ட்ஸ் ஹூஸ்டன் போய்விட்டார், சீட் காலி). சீசன் முழுக்க ஐந்தே டச்டவுன் போட்டுவிட்டு, லீக் எல்லாம் மூடின பிறகு ஒரே ஆட்டத்தில் மூன்று. யாருக்கு லாபம்?

அன்றைக்கு ராத்திரி டெட்ராய்ட்டில் ராம்ஸ் 24-23இல் தோற்றார்கள். நகுவா 181 யார்டு. எதிரணியில் சாம் லபோர்ட்டா, முழங்கால் வலியோடு இறங்கி ஒரு டச்டவுன். லபோர்ட்டாவைப் பற்றி யாரும் கேட்கவில்லையே என்று நானே கேட்டுக்கொள்கிறேன்.

ரூக்கி டைட் எண்டைத் தொடாதே என்பது ஃபேன்டஸியில் எழுதாத சட்டம். பிடிக்கிற வேலை, இடித்துத் தடுக்கிற வேலை இரண்டையும் படிக்கவேண்டும், முதல் வருஷம் அதற்கே போய்விடும் என்பார்கள். 2021இல் கைல் பிட்ஸ் ஆயிரம் யார்டைத் தாண்டினார், ஆனால் டச்டவுன் ஒன்றே ஒன்று. அந்தச் சூட்டை எல்லாரும் ஞாபகம் வைத்திருந்தார்கள். லபோர்ட்டா இரண்டாவது சுற்று, 34ஆவது ஆள், அயோவா கல்லூரி. 86 கேட்ச், 889 யார்டு, 10 டச்டவுன். பிபிஆர் கணக்கில் இந்த வருஷம் டைட் எண்ட்களில் முதல் இடமே அவருக்குத்தான்.

இங்கேயும் சீட் இருந்தது. பழைய டைட் எண்ட் டி.ஜே. ஹாக்கன்சனை டெட்ராய்ட் 2022 நவம்பரிலேயே மின்னசோட்டாவுக்கு விற்றுவிட்டது. ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொன்னால் நானே நம்பமாட்டேன். காலியான டைட் எண்ட் சீட் வருஷத்துக்கு ஐந்தாறு இருக்கும், அதில் உட்காருகிறவர்கள் எல்லாம் 86 பிடிப்பதில்லை. ஆள் நல்ல ஆள். பட்டியல் போடுகிறவர்களுக்கு இந்த ஒரு இடத்தில் மரியாதை கொடுக்கலாம், சிலர் அவர் பெயரை எழுதத்தான் செய்தார்கள்.

ஜனவரி 18, 2024

முதல் வாரத்து ஸ்டார்ட்டரை (முதலில் இறங்குபவரை) நம்பி ஏமாறும் பொறியைப் பற்றி யாரோ கேட்டிருந்தார்கள்.

பிலடெல்பியா, வீக் 1. கென்னத் கெயின்வெல் 14 முறை ஓடினார். டியாண்ட்ரே ஸ்விஃப்ட் ஒரே முறை, 3 யார்டு. அன்றைக்கு ராத்திரி ஸ்விஃப்டை எத்தனை பேர் திட்டியிருப்பார்கள், எத்தனை பேர் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டிருப்பார்கள்! நாலாம் நாள் வியாழக்கிழமை ஆட்டம். கெயின்வெல்லுக்கு விலா எலும்பில் அடி, ஆடவில்லை. ஸ்விஃப்ட் 28 முறை, 175 யார்டு. அதற்குப் பிறகு கெயின்வெல் என்ற பேச்சே இல்லை. ஸ்விஃப்ட் 1,049 யார்டில் முடித்தார்.

இண்டியானாபொலிஸில் ஜோனதன் டெய்லர் சம்பளத் தகராறில் வெளியே, ஸாக் மாஸுக்குக் கை முறிவு. அதனால் முதல் வாரம் டியான் ஜாக்சன். சீட் காலி, ஆள் உறுதி, வேவரில் இலவசம். 13 முறை ஓடி 14 யார்டு, இரண்டு முறை பந்தை எதிரணியிடம் விட்டார். அடுத்த வாரம் மாஸ் வந்தார், கதை முடிந்தது.

எனவே, மேலே 'இரண்டு வாரம் பார்ப்பான்' என்று எழுதினேனே, ஸ்விஃப்டை நினைத்தால் அந்த இரண்டையும் முழுசாக விடவேண்டும். ஒரே வாரத்தில் தீர்ப்பு எழுதக்கூடாது. ஜாக்சனை நினைத்தால் ஒரு வாரமே அதிகம். இதற்கு மேல் என்னிடம் சூத்திரம் இல்லை.

ஜனவரி 21, 2024

மயாமியைப் பற்றி எழுதாமல் இந்த இழை முடியாது.

ரஹீம் மோஸ்டர்ட், 31 வயது. ரன்னிங் பேக்குக்கு அது ரிடையர்மெண்ட் வயது. கோடை முழுக்க மயாமி டால்வின் குக்கைக் கூட்டி வரப்போகிறது என்று பேச்சு. அவர் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போய்விட்டார். ஜெஃப் வில்சன் ஐஆரில். ரூக்கி டெவான் எய்ச்சேனுக்கு ஆகஸ்டில் தோள்பட்டையில் அடி. ஒருத்தர் வரவில்லை, ஒருத்தர் படுத்துவிட்டார், ஒருத்தர் தயாரில்லை. கிழவருக்கு மூன்று கதவும் திறந்தது. ஓடியே 18 டச்டவுன், மொத்தம் 21. கிறிஸ்டியன் மெக்கஃப்ரிக்குச் சமமாக, என்எஃப்எல்லிலேயே அதிகம். மெக்கஃப்ரியை எங்கள் கராஜில் முதல் ரவுண்டிலேயே கொத்திக்கொண்டு போனார்கள். மோஸ்டர்ட் ஸ்டிக்கரை ஒட்டியபோது கீழே குனியவேண்டியிருந்தது.

ஆனால் மயாமி என்றால் எனக்கு செப்டம்பர் 24தான். டென்வருக்கு எதிராக 70-20. எய்ச்சேன் முதல் ஆட்டத்தில் சட்டையே மாட்டாதவர். அன்றைக்கு 18 முறை ஓடி 203 யார்டு, நாலு கேட்ச், நாலு டச்டவுன். பிபிஆரில் 51.3 புள்ளி. மோஸ்டர்ட்டுக்கும் நாலு டச்டவுன். கடைசியில் ஒரு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) அடித்து, 1966இல் 72 புள்ளி எடுத்த வாஷிங்டனின் சாதனையைத் தாண்டியிருக்கலாம், அப்போதைய கோச் மைக் மெக்டேனியல் வேண்டாம் என்றுவிட்டார்.

எங்கள் லீக்கில் எய்ச்சேன் அன்று யார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் தெரியுமா? என் மச்சான் பெஞ்சில். ஆகஸ்டிலேயே 'இவன்தான்டா ஸ்லீப்பர்' என்று சொல்லி எடுத்தவனும் அவனே. கணிப்பு நூற்றுக்கு நூறு சரி, கணக்கில் வந்தது சைபர். 'ரூக்கி, இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் மாமா' என்று சனிக்கிழமை போனில் சொன்னான். நானும் சரி என்றேன். என்னவோ, நான் அவனோடு அந்த வாரம் மோதவில்லை.

ஸ்லீப்பரைச் சரியாகச் சொல்வதும் சரியான வாரத்தில் ஆடவைப்பதும் இரண்டு தனித் தொழில். ஆண்டு முடிவில் பட்டியலைத் திருப்பிப் பார்க்கிறவர்கள் முதலாவதற்கு மட்டும் மார்க் போட்டுக்கொள்கிறார்கள்.

ஜனவரி 27, 2024

கிக்கர். ஆமாம், கிக்கரைப் பற்றியும் பேசியாகவேண்டும். நம்ம ஆட்களுக்கு இது பிடிக்கும்.

டல்லாஸின் பிராண்டன் ஆப்ரி. நோட்டர்டேம் கல்லூரியில் ஆடியது சாக்கர். 2017இல் டொரான்டோ எஃப்சி அவரை எடுத்தது, அதில் நிலைக்கவில்லை. பிறகு சாஃப்ட்வேர் எஞ்சினியர். ஒரு நாள் டிவியில் கிக்கர் ஒருவர் உதைப்பதைப் பார்த்துவிட்டு 'இதை நீங்களே செய்யலாமே' என்று மனைவி சொன்னதாகக் கதை. யுஎஸ்எஃப்எல் என்கிற சின்ன லீக்கின் பர்மிங்ஹாம் அணி வழியாக, 28 வயதில், 2023இல் இங்கே வந்தார். முந்தின ஜனவரியில் பிரெட் மாஹெர் ஒரே பிளேஆஃப் ஆட்டத்தில் நாலு எக்ஸ்ட்ரா பாயிண்டை (டச்டவுனுக்குப் பின் உதைத்து எடுக்கும் ஒரு புள்ளி) தவறவிட்டதைப் பார்த்துச் சூடுபட்டிருந்த ஊர் இது. புது ஆள் தன் முதல் எக்ஸ்ட்ரா பாயிண்டையே தவறவிட்டார். எனக்கு அடுத்த சோபாவில் இருந்தவர் ரிமோட்டைத் தூக்கி எறிந்தார்.

அதற்குப் பிறகு தொடர்ந்து 35 ஃபீல்டு கோல், ஒன்றுகூடத் தவறவில்லை. என்எஃப்எல்லில் யாரும் இப்படி ஆரம்பித்தது கிடையாது. டிசம்பர் 10 அன்று பிலடெல்பியாவுக்கு எதிராக 60 யார்டிலிருந்து ஒன்று, 59இலிருந்து ஒன்று. கடைசி வாரம் வாஷிங்டனில்தான் தொடர் அறுந்தது, அப்போது ஃபேன்டஸி முடிந்துவிட்டது.

எங்கள் கராஜில் இருந்த பாதிப் பேர் கோட் எழுதிப் பிழைக்கிறவர்கள். ஒருவர்கூட அவரை எடுக்கவில்லை. மதுரைக்காரர் நகுவாவை விட்டுவிட்டுச் சேர்த்த கிக்கர் ஆப்ரியாக இருந்திருந்தால் கொஞ்சம் மன்னிக்கலாம். இல்லை.

பிப்ரவரி 3, 2024

தன் பட்டியலில் பதினைந்து பெயர் தேறியது என்று ஒருவர் படம் எடுத்துப் போட்டிருக்கிறார். பட்டியலில் மொத்தம் எத்தனை பெயர் என்பது படத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. அதில் ரஷாட் வைட்டும் உண்டு. அத்தனை மூக்குச் சுளிப்புக்கு நடுவிலும் வைட் எங்கள் லீக்கில் ஐந்தாவது ரவுண்டில் போனவர். ஐந்தாவது ரவுண்டு ஆளை ஸ்லீப்பர் என்றால் அப்புறம் எல்லாரும் முதலில் எடுக்கிற மின்னசோட்டாவின் ஜஸ்டின் ஜெஃபர்சனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

குவாட்டர்பேக் ஜோ ஃப்ளாக்கோவை யார் சொன்னார்கள் என்றும் அதே ஆள் கேட்கிறார். யாராலும் சொல்லியிருக்க முடியாது. ஆகஸ்டில் அவர் எந்த அணியிலும் இல்லை, 38 வயதில் வீட்டில் இருந்தார். நவம்பர் 20 வாக்கில் கிளீவ்லாந்து கூப்பிட்டது, ஐந்து ஆட்டத்தில் 13 டச்டவுன் வீசினார். டிசம்பர் 24 அன்று கிளீவ்லாந்து ரிசீவர் அமாரி கூப்பருக்கு 265 யார்டு, அதை வைத்து எங்கள் கமிஷனர் ஃபைனலுக்கு ஏறினார். ஃபைனல் வாரம் கூப்பருக்குக் குதிகாலில் வலி, ஆடவில்லை. கமிஷனர் இன்னும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, நாங்கள்தான் பேசுகிறோம்.

பிப்ரவரி 12, 2024

சூப்பர் போல் முடிந்தது, கான்சஸ் சிட்டி 25-22, ஓவர்டைம். இதைப் பார்த்ததும் ஸ்லீப்பர் இழைக்குத்தான் வந்தேன்.

கான்சஸ் சிட்டி குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸின் ரிசீவர்களில் யார் எழுவார் என்பது கோடையின் பெரிய விளையாட்டு. ஜுஜு ஸ்மித்-ஷூஸ்டர் போய்விட்டார், சீட் காலி, பந்து வீசுபவரோ மஹோம்ஸ். கடேரியஸ் டோனி என்றார்கள். செப்டம்பர் 7, சீசனின் முதல் ராத்திரியிலேயே அவர் கையில் பட்டுத் தெறித்த பந்தை டெட்ராய்ட் டச்டவுனாக மாற்றியது. ஸ்கை மூர் என்றார்கள். சீசன் முழுக்க 21 கேட்ச். தேறியது ரூக்கி ரஷி ரைஸ், 79 கேட்ச், 938 யார்டு, அதுவும் பாதி சீசனுக்குப் பிறகுதான் வேகம் எடுத்தார். நேற்று கோப்பையை வென்ற பந்தைப் பிடித்த மெக்கோல் ஹார்ட்மன் ஆகஸ்டில் இந்த அணியிலேயே இல்லை, ஜெட்ஸில் இருந்தார்.

இது என் சூத்திரத்தில் விழுந்த பெரிய ஓட்டை. சீட் காலி, இரண்டு வாரத்தில் தெரியும் என்றால், ரைஸை செப்டம்பரிலேயே தூக்கிப் போட்டிருப்பேன். கடைசி ரவுண்டில் ஒரே ஒரு இடத்தைப் பொறுமைக்கு ஒதுக்கலாம், நல்ல குவாட்டர்பேக் இருக்கும் அணியில் மட்டும் என்று திருத்திக்கொள்கிறேன். ஹூஸ்டனின் டாங்க் டெல்லும் இந்த வகையில் வருவார். மூன்றாவது சுற்று, சின்ன உருவம், ஆனால் அவரை எடுங்கள் என்று கேட்டதே சி.ஜே. ஸ்ட்ரவுட். பந்து வீசுகிறவனே சிபாரிசு செய்த ஆளுக்குப் பந்து வராமல் போகுமா? 7 டச்டவுன் போட்டபின் டிசம்பர் 3 அன்று கால் எலும்பு முறிந்தது. அது கணிப்பில் சேராது.

பிப்ரவரி 20, 2024

லீக் விஷயம், கருத்து தேவை. அடுத்த வருஷத்திலிருந்து ஆளுக்கு ஒருவரைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்று முடிவு. டிராஃப்டில் எடுத்த ஆள் என்றால் எடுத்த ரவுண்டுக்கு ஒரு ரவுண்டு முன்னால் விலை. வேவரில் எடுத்த ஆள் என்றால் எட்டாவது ரவுண்டு.

இப்போது நகுவா. மதுரைக்காரர் கடைசி ரவுண்டில் எடுத்தார், பிறகு விட்டார். வேவரில் பிடித்தவர் கமிஷனர். 'டிராஃப்ட் ஆன ஆள், எனக்குப் பதிமூன்றாவது ரவுண்டு விலைதான்' என்கிறார் கமிஷனர். 'விட்ட கணமே டிராஃப்ட் விலை செத்துப்போச்சு, எட்டாவதைக் கொடு' என்கிறார் மதுரைக்காரர். நகுவா இனி இவருக்குக் கிடைக்கப்போவதில்லை, ஆனாலும் விடமாட்டேன் என்கிறார். ஓட்டெடுத்தோம், ஆறுக்கு ஆறு. சமமானால் கமிஷனர் முடிவு என்று விதி. விதியை எழுதியவரும் அவரே.

என் ஓட்டு எட்டாவது ரவுண்டுக்கு. வேவரில் காசு போட்டு ஏலம் எடுத்த ஆளை டிராஃப்ட் கணக்கில் காட்டக்கூடாது. உங்கள் லீக்கில் இதை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். ஆகஸ்டுக்கு முன்னால் விதிப் புத்தகத்தைத் திருத்தவேண்டும், எனக்கு இன்னும் ஒரே ஒரு ஓட்டு வேண்டும்.